வாபஸ் இல்லை

கயிற்றைக் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்கள், தோழர். உங்கள் ஆடு என் துண்டைக் கடிக்கப் பார்க்கிறது. சாயம் போன துண்டுதான். ஆனால் அது பார்த்த ஊர்வலங்களை உங்கள் ஆடு பார்த்திருக்காது.

தோழர் என்று கூப்பிட்டதில் சங்கடம் ஒன்றுமில்லையே? பழகிவிட்டது. பேருந்தில் நடத்துநரையும் அப்படித்தான் கூப்பிடுவேன். என்னைக் கைது செய்ய வந்த ஏட்டையாவைக்கூட ஒருமுறை கூப்பிட்டிருக்கிறேன். உலகத்தில் ஒரே ஓர் ஆளைத்தான் கூப்பிடுவதில்லை. அந்த ஆள் அதோ, வேப்பமரத்தடியில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். திரும்பாதீர்கள். அவனைப் பற்றி நான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வான். அவனைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமே இல்லை.

நான் வந்தது பூனைக்காக. உள்ளே மேசைமேல் படுத்திருக்கிறது. குளுக்கோஸ் ஏறுகிறது. என் மனைவி கோமதி பக்கத்தில் இருக்கிறாள். ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்றார்கள், நான் வெளியே வந்துவிட்டேன். வெளிநடப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூனையின் பெயர் மே. மே தினத்தன்று கொடியேற்றும்போது கம்பத்தின் அடியில் கிடந்தது, கண்கூடச் சரியாகத் திறக்காத குட்டி. ஒரு காலத்தில் அந்தக் கம்பத்தைச் சுற்றி நிற்க இடம் கிடைக்காது. அன்றைக்கு வந்தது என்னையும் சேர்த்து மூன்று பேர். பூனையைச் சேர்த்தால் நாலு. கூட்டத்துக்கு வந்த உறுப்பினரை விட்டுவிட்டு வர முடியுமா? துண்டில் சுற்றி எடுத்து வந்துவிட்டேன்.

பூனைக்குச் சர்க்கரை வருமா என்று கேட்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள், சிரித்துக்கொண்டே. வரும். போன ஆடியில் ஆரம்பித்தது. தின்கிறது, தின்கிறது, முதுகெலும்புதான் துருத்துகிறது. குளியலறை வாளியில் தலையைவிட்டுத் தண்ணீர் குடிக்கிறது. பின்னங்கால் இரண்டும் தளர்ந்து, குதிகாலைத் தரையில் வைத்து நடக்கிறது. இத்தனை உழைத்தும் உழைக்கிறவன் உடம்பில் ஏன் ஒட்டவில்லை, எல்லாம் எங்கே போகிறது என்று மில் வாயில் கூட்டத்தில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். அதே கேள்வியைக் கேட்க என் வீட்டுக்குள்ளேயே ஒரு பூனை வந்து நின்றது.

இங்கே தூக்கி வந்தோம். டாக்டரம்மா சின்ன வயது. நல்ல பெண்தான், ஆனால் நான் யார் என்று தெரியாது. யாருக்குத்தான் தெரிகிறது? காதில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஐயா, இதுக்குத் தினம் காலையும் சாயங்காலமும் இன்சுலின் போடணும். நேரம் தவறக் கூடாது. ரொம்ப ஒல்லியா இருக்கு, பட்டினி மட்டும் போட்டுராதீங்க. மீன், முட்டை, கோழி தாராளமாக் குடுங்க. சோறு, பால், பிஸ்கட்டு வேண்டாம். சாப்பிட்ட பிறகுதான் ஊசி. சாப்பிடலைன்னா ஊசி போடாம எனக்கு ஃபோன் பண்ணுங்க.”

நேரம் தவறக் கூடாது என்றார் பாருங்கள், அந்தச் சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நேரம் தவறாமை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலை ஷிப்டு சங்கு ஊதுமுன் வாயிலில் நிற்பேன், கையில் நோட்டீஸோடு. அறிவித்த ஆர்ப்பாட்டம் அறிவித்த நேரத்தில் நடக்கும். மழையென்றாலும் நடக்கும். ஆளே வரவில்லை என்றாலும் நடக்கும். பிடரித் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, ஊசியைச் சாய்த்து நுழைக்கக் கற்றுக்கொண்டேன். மே கத்தாது. என்னைப் பார்க்கும். அவ்வளவுதான்.

எடை ஏறுகிறதா என்று பார்க்கச் சொன்னார். துணிப்பையில் போட்டு மீன்கடைத் தராசுக்கு எடுத்துப் போவேன். அந்த மீன்காரம்மாவுக்கு வாய் அதிகம். “என்ன அண்ணாச்சி, மீனு வாங்க வந்தீகளா, பூனைய விக்க வந்தீகளா? எலும்புதான் இருக்கு, எவன் வாங்குவான்?” என்பாள். அவளிடமே மத்தி மீன் வாங்கி, நானே முள் எடுத்து, அவித்து, ஆற வைத்துத் தட்டில் வைப்பேன். கோமதி வாசலில் நின்று பார்ப்பாள். “பெத்த பிள்ளைங்களுக்கு ஒரு நாளு முள்ளு எடுத்துக் குடுத்திருக்கீகளா?” என்பாள். அப்போது போராட்ட காலம், தோழர். அது அவளுக்குப் புரியாது.

இவ்வளவு செய்தும் சர்க்கரை இறங்கவில்லை. எடையும் ஏறவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார், “ஐயா, வேற எங்கயாச்சும் போய்ச் சாப்பிடுதா?”

“இல்லை” என்றேன்.

அது பொய் இல்லை. அந்த வீட்டில் அது தின்றது சாப்பாடு இல்லை. லஞ்சம்.

அந்த வீடு என்றால் பக்கத்து வீடு. மில் காலனியில் எல்லாம் ஒட்டு வீடுகள், நடுவில் இடுப்பளவுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வெயிலுமுத்து. அதோ, மஞ்சள் பை. பெயரைச் சொல்லிவிட்டேன், போகட்டும்.

என் பூனை விடிந்ததும் அந்தச் சுவரைத் தாண்டும். கருவாட்டைப் பிசைந்த சோறு வைப்பான், பால் வைப்பான். தின்றுவிட்டுத் திரும்பி வந்து என் மத்தியை ஒப்புக்கு நாலு வாய் தின்னும். அங்கே அதற்கு வேறு பெயர். லட்டு. கேட்டீர்களா? சர்க்கரை நோய் வந்த பூனைக்கு லட்டு என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிறான். “லட்டு, வாடா லட்டு, வந்து சாப்பிடு.” அது பெண் பூனை. வாடா என்கிறான்.

இதை நான் டாக்டரம்மாவிடம் எப்படிச் சொல்வது? என் பூனை, கொடிக்கம்பத்தடியில் எடுத்த பூனை, ஒரு கருங்காலியின் வாசலில் போய் நிற்கிறது என்றா? சொல்லவில்லை. அவர் மருந்தின் அளவைக் கூட்டினார்.

கருங்காலி என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் மில் வேலைநிறுத்தம் உங்களுக்கு நினைவிருக்காது. அப்போது பேப்பரில் எல்லாம் வந்தது. நான் வாயிலில் பந்தல் போட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டீஸ் மடித்துக் கொடுத்தவன் இந்த வெயிலுமுத்துதான். நான் பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம், நோட்டீஸ் படித்துத்தான் எழுத்தே கற்றேன். அவனுக்கு அந்த எழுத்தைக் கற்றுக்கொடுத்தது நான். ஒருநாள் காலையில் பார்க்கிறேன், மில்லின் சின்னக் கதவு வழியாக, டிபன் தூக்கோடு உள்ளே போகிறான். என்னைப் பார்த்தான். குனிந்துகொண்டான். போய்விட்டான். வேலைநிறுத்தம் முடியும்வரை தினமும் போனான். கேட்டதற்கு, “வீட்டுல அடுப்பு எரியணும்லா” என்றானாம். யார் வீட்டில்தான் எரிய வேண்டாம்? என் வீட்டில் எரியவில்லையா? சங்கத்தில் இருந்து அரிசி வந்தது. வந்திருக்க வேண்டும். நான் பந்தலில் இருந்தேன், எனக்குத் தெரியாது, ஆனால் என் பிள்ளைகள் ஒருநாளும் பசி என்று பந்தலுக்கு வந்ததில்லை.

மில்லை மூடினார்கள். இடித்தார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், தோழர். அந்த வேலைநிறுத்தத்தை நான் வாபஸ் வாங்கவில்லை. அறிவித்தவன் நான், வாபஸ் வாங்க வேண்டியவனும் நான்தான். சங்கத்து வழக்கம் அது. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு மில்லுக்குப் போனார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. கணக்குப்படி அது இன்னும் நடக்கிறது.

சரி, பூனைக்கு வருகிறேன். மருந்தைக் கூட்டியாயிற்று. இனி அந்தப் பக்கத்துச் சாப்பாட்டை நிறுத்த வேண்டும். கோமதி சொன்னாள், “சுவத்துக்கு அந்தப் பக்கம் தான இருக்காரு. ‘பூனைக்குச் சீக்கு, சோறு போடாதீக’ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

ஒரு வார்த்தை. அந்த வீட்டோடு நான் பேச்சை நிறுத்தியபோது என் தலை முழுக்கக் கறுப்பு.

நோட்டீஸ் எழுதினேன். ராத்தங்காமல் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துக் காலனிச் சுவரெல்லாம் நானே ஒட்டினேன். ஒன்று என் சட்டைப்பையில் இருக்கிறது, பாருங்கள். கண்ணாடி இல்லையா? நானே படிக்கிறேன்.

“மில் காலனி வாழ் பெருமக்களே! நமது மே என்னும் பூனை கொடிய சர்க்கரை நோயின் பிடியில் சிக்கித் தவிக்கிறது. இந்நேரத்தில், சுவருக்கு அப்பால் இருந்து சோற்றைக் காட்டி அதைத் திசைதிருப்பும் தீய சக்தியை வன்மையாகக் கண்டிக்கிறோம்! இன்று முதல் மறு அறிவிப்பு வரும் வரை மேற்படி பூனைக்கு எவரும் உணவளிக்கக் கூடாது. கருங்காலித்தனத்தை முறியடிப்போம்! இவண், தர்மக்கண், போராட்டக் குழு.”

போராட்டக் குழுவில் வேறு யார் யார் என்று கேட்காதீர்கள். மற்றவர்கள் செத்துப்போனார்கள்.

ஒட்டியது முந்தாநாள். நேற்று விடிந்ததும் மே சுவரைத் தாண்டிப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. கதவு சாத்தியிருக்கிறது. அந்த ஆள் உள்ளே இருக்கிறான், இருமுகிறான், கதவைத் திறக்கவில்லை. எனக்குக் கொஞ்சம், சொல்வதற்கென்ன, நெஞ்சு நிமிர்ந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு என் நோட்டீஸ் ஒன்றுக்கு ஒருவன் கட்டுப்பட்டிருக்கிறான். அதுவும் யார்?

நேற்று மே என் மத்தியை முகர்ந்துவிட்டுப் பாதி தின்றது. சாயங்காலம் அதிலும் பாதி. இன்று காலை தட்டுக்கு முதுகைக் காட்டி, அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. உண்ணாவிரதம். எனக்கா தெரியாது? நான் எத்தனை இருந்திருக்கிறேன். முதலில் பிடிவாதம், பிறகு சோர்வு, பிறகு பேச்சுவார்த்தைக்கு வந்துதான் ஆக வேண்டும். தட்டை முன்னால் நகர்த்தினேன். அது முகத்தைத் திருப்பியது. முட்டை வைத்தேன். அதற்கும் திருப்பியது. ஊசி நேரம் வந்துவிட்டது.

“தின்னலையே, போடாதீக. டாக்டரம்மாவுக்கு ஃபோன் போடுங்க” என்றாள் கோமதி.

நேரம் தவறக் கூடாது என்றும் அதே டாக்டரம்மாதான் சொன்னார். இன்று ஒரு பூனைக்கு வளைந்து கொடுத்தால் நாளைக்கு? போட்டேன். கூட்டிய அளவை முழுசாகப் போட்டேன்.

கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்தது. பிறகு எழுந்தது. குடித்தவன் மாதிரித் தள்ளாடிச் சுவரில் முட்டியது. விழுந்தது. நாலு காலும் உதறுகிறது, கண் திறந்திருக்கிறது, என்னைப் பார்க்கவில்லை. அது என்னைப் பார்க்காமல் இருந்து நான் பார்த்ததில்லை, தோழர்.

கோமதி ஓடிப்போய்ச் சீனியைத் தண்ணீரில் குழைத்து வந்து அதன் ஈறில் தடவினாள். தடவிக்கொண்டே சுவரைப் பார்த்துக் கத்தினாள், “வெயிலண்ணே! ஆட்டோ!” என்னிடம் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஆட்டோ வந்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் அந்த ஆள், பாதி உடம்பு வெளியே தொங்க, மஞ்சள் பையோடு. நான் ஏற்றவில்லை. இறங்கச் சொல்லலாம் என்றால் அவனிடம் பேச வேண்டும். வழி முழுக்க நான் அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நரைத்துவிட்டது. சட்டைக் காலரில் ஒரு தையல், அவனே போட்டிருப்பான், கோணலாக இருந்தது. பெண்டாட்டி போய்விட்டாள் அவனுக்கு. துக்கத்துக்கு நான் போகவில்லை. கோமதி போனாள்.

ஆட்டோவில் கோமதி மடியில் பூனையை வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினாள். “அவரு போட்டதைத் தின்னுதான் இது உசுரோட கெடந்துச்சு. அதைத்தான் நோட்டீஸ் போட்டு நிறுத்துனீக. அன்னைக்குப் பந்தல்ல உக்காந்திருந்தீகளே, அப்பவும் நம்ம பிள்ளைக தின்னது எந்த வீட்டுச் சோறுன்னு ஒரு நாளு கேட்டீகளா?”

ஆட்டோ சத்தம், தோழர். சரியாகக் காதில் விழவில்லை.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். வாழ்நாளில் எந்தப் போராட்ட அழைப்பையும் மதிக்காதவன் இந்த ஓர் அழைப்பை மட்டும் ஏன் மதித்தான்? சூழ்ச்சி. சோற்றை நிறுத்தினால் பூனை விழும், பழி என் தலையில் வரும். நன்றாகத் திட்டமிட்டிருக்கிறான். நான் வேண்டாம் என்றால் வேண்டாமென்று விட்டுவிடுவதா? ஒரு மனிதன் கொஞ்சம் மீற வேண்டாமா?

உள்ளே போனதும் டாக்டரம்மா கேட்டார், “ஊசிக்கு முன்னாடி சாப்பிட்டுச்சா?”

“வைத்தேன்” என்றேன்.

“வச்சாரு. அது தின்னலை” என்றாள் கோமதி. அதற்குப் பிறகுதான் நான் வெளியே வந்தேன்.

இருங்கள், கோமதி வருகிறாள்.

*

கேட்டீர்கள் அல்லவா? கண் முழித்துவிட்டதாம். தலையைத் தூக்குகிறதாம். ஆனால் குளுக்கோஸ் எவ்வளவு நேரம் தாங்கும், போட்ட இன்சுலின் இன்னும் உடம்பில் இருக்கிறது, அதுவாக வாயில் வாங்கித் தின்றால்தான் சர்க்கரை ஒரேயடியாக இறங்காமல் நிற்கும், இல்லையென்றால் மறுபடியும் விழும் என்கிறார் டாக்டரம்மா. கருவாட்டுச் சோறானாலும் சரி, இப்போது எதையாவது தின்ன வேண்டும். கோமதி கொடுத்ததைத் தின்னவில்லை. நான் வந்து கொடுத்தால்? “வேண்டாம், உங்களைக் கண்டா இன்னும் சுருங்கும்” என்றாள். எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

அந்த மஞ்சள் பையில் தூக்கு இருக்கிறதாம். சோறு பிசைந்து எடுத்து வந்திருக்கிறானாம். “உள்ள வாங்கண்ணே” என்று கோமதி கூப்பிட்டிருக்கிறாள். அவன் என்ன சொன்னான் தெரியுமா? “நோட்டீஸ் இன்னும் சுவத்துல இருக்கும்மா. மறு அறிவிப்பு வரும் வரைன்னு போட்டிருக்கு. ஒரு தடவை மீறுனதுக்கே பேச்சு நின்னு இத்தனை வருசம் ஆச்சு. போட்டவரு எடுக்கட்டும், நான் வாரேன்.”

வழக்கத்தைச் சொல்கிறான். எனக்கே சொல்கிறான். நான் கற்றுக்கொடுத்த வழக்கம்.

தோழர், ஓர் உதவி. நீங்கள் போய் அவனிடம், தடை... இல்லையில்லை, நீங்கள் சொன்னால் செல்லாது. எழுதித் தரவா? பேனா இருக்கிறதா? இல்லையா. உங்கள் ஆட்டைக் கூப்பிட்டுவிட்டார்களா? சரி. ஒரு நிமிடம் நில்லுங்கள். சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும்.

எழுந்திருக்கிறேன். முட்டி இப்படித்தான் சத்தம் போடும். அவனைப் பார்த்துச் சொல்ல மாட்டேன். பொதுவாகச் சொல்கிறேன், ஆஸ்பத்திரிக்கே சொல்கிறேன்.

இதனால் அனைவருக்கும் அறிவிப்பது! மே என்னும் பூனைக்கு உணவளிப்பதன் மீது... மீது விதிக்கப்பட்டிருந்த தடை... பூனையின் உடல்நிலையைக் கருத்தில்கொண்டு... தற்காலிகமாக ஒத்திவைக்கப்படுகிறது!

முன்பெல்லாம் இந்தக் குரல் நாலாம் வரிசை வீடு வரைக்கும் கேட்கும். இப்போது இருமல்.

எழுந்துவிட்டானா? எனக்குக் கண்ணில் புரை, இங்கிருந்து அந்த மஞ்சள் நிறம்தான் தெரிகிறது. வருகிறானா? இந்தப் பக்கமாகவா வருகிறான்?

போய்விட்டான். என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போனான்? “சரி, தோழர்” என்றானா? உங்களைத்தான் சொல்லியிருப்பான். நீங்கள்தானே என் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

லட்டு, லட்டு என்கிறான், கேட்கிறதா? மே என்று கூப்பிடலாம், இந்த இடத்திலாவது.

உஸ்ஸ். அது என்ன சத்தம்? தகரத் தட்டு மேசையில் உரசுகிற சத்தம். நக்கும்போது தட்டு நகரும், என் வீட்டில் அப்படிச் சத்தம் கேட்டு வெகு நாளாயிற்று. தின்கிறது. அவன் கையால் தின்கிறது.

நீங்கள் போங்கள், உங்கள் ஆடு நிற்கிறது. யாராவது கேட்டால் மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், தோழர். ஒத்திவைப்புதான். வாபஸ் இல்லை.